இறுகாத ரீல்

மீன் பிடிக்கிற ரீல் வாங்கப் போகிறவர்கள், ஐயா, முதலில் அதைக் கையில் வைத்துக் கனம் பார்க்க வேண்டும். கடைக்காரன் சொல்வதையும் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் வெளியூர் வியாபாரிகளுக்குச் சரக்குப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறவன். பெட்டியின் மேலடுக்கில் பழம் பளபளவென்றுதான் இருக்கும். நான் கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே விலை பேசுவேன். மரியசூசை கை வைத்த பெட்டியை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மகன் ஆரோக்கிய பிரவீனுக்கு ரீல் பார்த்து வாங்கியது நான்தான்.

பிரவீன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் போவான், கம்பெனி பஸ்ஸில் வருவான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எங்களுக்குக் கிடைப்பான். காலைப் பூசை முடிந்ததும் அவனும் நானும் குப்புராஜும் அணைக்குக் கிளம்பிவிடுவோம். குப்புராஜ் காரிமங்கலத்துக்காரன்; மார்க்கெட்டில் லோடு ஏற்றும் ஒரு மினி லாரி வைத்திருந்தான். என்னைவிட வயதில் சிறியவன், வேறு சாதி, வேறு சாமி. ஆனாலும் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக அவன்தான் நிற்பான். அப்படிப்பட்ட பழக்கம்.

ரீல் வாங்க மூன்று பேருமாகத்தான் தருமபுரிக்குப் போனோம். கடைக்காரர் மேசை மேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஹமோட்டோ, இன்னொன்று ரிவெக்ஸ். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹமோட்டோ எடை குறைவு, ஓடு பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. ரிவெக்ஸ் முழுக்க உலோகம். கையில் வைத்தால் கையைக் கீழே இழுத்தது.

"அண்ணா, ஹமோட்டோவே வாங்கிக் குடுத்துடுங்க. நான் வெச்சிருக்கறன்ல, தண்ணியில முங்குனாலும் ஒண்ணும் ஆவறதில்ல. இந்த ரிவெக்ஸ் கொஞ்ச நாள் போனா இறுகிக்கும்னு சொல்றாங்க" என்றான் குப்புராஜ்.

"யாரு சொல்றாங்க?"

"பொதுவா சொல்றாங்கண்ணா."

பொதுவாகச் சொல்கிறவர்களை நம்பி நான் ஒரு நாளும் தக்காளி வாங்கியதில்லை. பிரவீனுடைய கை ஹமோட்டோ மேல் இருந்தது. "அதுல கை நோவாதுப்பா" என்றான். பொருள் என்றால் கனம் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "சரிப்பா, உங்களுக்குப் புடிச்சதே வாங்குங்க" என்று கையை எடுத்துக்கொண்டான். முகம் பார்த்து நடக்கிற பிள்ளை அவன். அப்படி வளர்த்தோம் என்று நானும் ஜோஸ்பினும் பெருமைப்பட்டதுண்டு.

ரீல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. கைப்பிடியைச் சுற்றினால் தூண்டில் நரம்பு உள்ளே வரும். பெரிய மீன் வலுவாக இழுத்தால் நரம்பு தானாக வழுகி வெளியே போக வேண்டும். இரண்டும் நின்றுபோனால் ரீல் இறுகிவிட்டது என்பார்கள். அப்போது மீனை விட்டுவிட மனமில்லாதவன், நரம்பு அறுந்துபோகாமல் இருக்க மீன் போகிற பக்கமே தண்ணீரில் இறங்கிக் கூடவே நடப்பான். தூண்டில் பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

எங்கள் அணைக்குள் விளைநிலங்கள் இருந்தன. அணை கட்டியபோது நிலத்தோடு கிணறுகளும் முழுகின. மழைக்காலத்தில் அதனால் ஒன்றும் இல்லை, யாரும் அவ்வளவு தூரம் இறங்க முடியாது. கோடையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்துவிடும். சுற்றிலும் இடுப்பளவுத் தண்ணீர், நடுவில் சுற்றுச்சுவர் இடிந்துபோன கிணறு. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கலங்கல். வெயிலுக்குப் பெரிய மீன்கள் எல்லாம் அந்தக் கிணற்றுக்குள் போய் ஒதுங்கும், அதனால் தூண்டில்காரர்களுக்கு அந்தக் கரைதான் பிடிக்கும். ஊர்க் கிணறுகள் வற்றிப்போன காலத்தில் பிறந்த பிள்ளைகள் நீச்சலுக்கு எங்கே போவார்கள்? பிரவீனுக்கு நீச்சல் தெரியாது. குப்புராஜுக்கும் ஏதோ கை காலை உதைப்பதோடு சரி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதம். நான் அன்றைக்குக் கூடப் போகவில்லை. இண்டூரில் என் தங்கை பேத்தி முதல் நற்கருணை வாங்கிய நாள், புதுநன்மை விருந்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

தீயணைப்புக்காரர்கள் பிரவீனைக் கிணற்றிலிருந்து எடுத்தபோது தூண்டில் கழி அவன் கையிலேயே இருந்ததாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் குப்புராஜ் ஈரத் துணியோடு என் காலைக் கட்டிக்கொண்டான். "ரீல் இறுகிப் போச்சுங்கண்ணா. பெரிய கட்லா. விட்றான்னு கத்துனங்க. நரம்பு அறுந்துடும்னு கூடவே போயிட்டான். கெணறு எங்க இருக்குதுன்னு எனக்கும் தெரியலைங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். மார்க்கெட்டே அதைக் கேட்டது.

ஜோஸ்பின் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "அந்த இன்னொண்ணையே வாங்கிக் குடுத்திருந்தீங்கன்னா?" அதற்கு மேல் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் என்னோடு சண்டை போட்டதில்லை, சாப்பாடு போடாமல் இருந்ததில்லை, என் சட்டையைத் துவைக்காமல் விட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஓர் ஆளைப் போல எங்களோடு குடியிருந்தது. சொல்லப்போனால் அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை போன துக்கத்தை அழுது தீர்க்கலாம். இதை எங்கே போய் அழுவது?

ரீல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் அதைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டினேன். சுற்றினேன். சுற்றியது. வேப்ப மரத்தில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். தக்காளிப் பெட்டியில் கல்லை நிரப்பித் தரதரவென்று களம் முழுக்க இழுத்தேன். நரம்பு வர வேண்டிய நேரத்தில் வந்தது, போக வேண்டிய நேரத்தில் போனது. ஒரு தடவைகூட இறுகவில்லை. மார்க்கெட் விட்டு வந்தால் அதுதான் எனக்கு வேலை. அக்கம்பக்கத்தில் பார்த்துவிட்டுப் பாவம் என்றார்கள்.

நீங்கள் விசாரணை செய்கிறவர், நீங்களே யோசித்துப் பாருங்கள். ரீல் இறுகவில்லை. அப்படியானால் இறுகியது என்று சொன்னவன் பொய் சொல்கிறான். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவனுடைய தூண்டில் எங்காவது சிக்கியிருக்கும், எடுத்து வாடா என்று என் பிள்ளையை இறக்கியிருப்பான். அதை மறைக்க ரிவெக்ஸ் மேல் பழியைப் போட்டுவிட்டான். எனக்கு அது தெளிவாகவே தெரிந்தது.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். டீக்கடையில் கேட்டேன், லோடு ஏற்றும்போது கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் அதையே சொன்னான். ஒரு வார்த்தை மாறவில்லை. மனப்பாடம் பண்ணியவன்தான் அப்படிச் சொல்வான் என்று நினைத்தேன். போன கிறிஸ்துமஸ் அன்று மட்டும் புதிதாக ஒன்று சொன்னான். அன்றைக்கு நாங்கள் பண்டிகை கொண்டாடவில்லை. அவன் மட்டும் வழக்கம்போல வந்து, பிரவீன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இத்தன நாளா ஒண்ண உங்ககிட்ட சொல்லாம இருந்தனுங்கண்ணா. அது இறுகறது அவனுக்கு முன்னமே தெரியும். ரெண்டு மூணு வாட்டி இறுகியிருக்குது. எங்க வூட்ல இன்னொரு ஹமோட்டோ இருக்குதுடா, எடுத்துக்கடான்னன். அப்பா மனசு நோவும் மாமா, அவுரு ஆசயா பாத்து வாங்குனதுன்னு மாட்டேன்னுட்டான்."

இது புதிது. இதற்கு முன் இல்லாதது. கதையை மாற்றுகிறவன் பொய்யன் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

என் பிள்ளை, அது கெட்ட பொருள் என்று தெரிந்தும், என் முகத்துக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனான் என்று அவன் சொல்கிறான். நான் ஜோஸ்பினைப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவன் லோடு ஏற்றிக்கொண்டிருப்பான்.

தவக்காலத்தில் ஊரே சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனது. நானும் போய் வரிசையில் நின்றேன், பாதியில் வெளியே வந்துவிட்டேன். மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு மனம் வருந்துவது, இல்லாமல் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். செய்யப் போகிற காரியத்துக்கு மனஸ்தாபம் எப்படி வரும்? சாமியாரை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

நான் நினைத்தது ஒரு சோதனை, அவ்வளவுதான். குப்புராஜின் ரீல் இறுகட்டும். பெரிய மீன் மாட்டட்டும். அவன் கழியை விட்டுவிட்டுக் கரையிலேயே நின்றால், ரீல் இறுகினால் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்று ஆகும்; அவன் சொன்னது பொய். இறங்கினால் உண்மை. இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிரவீன் போன பிறகு குப்புராஜ் தூண்டிலைத் தொடவே இல்லை. நான்தான் கூப்பிட்டேன். "எத்தன நாளைக்குடா இப்புடியே இருக்கறது? வா, ரெண்டு பேரும் போய் உக்காந்துட்டு வரலாம்" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. "நீங்களே கூப்டறப்ப வராம இருப்பனுங்களா" என்றான். அவனுடைய ஹமோட்டோ பரணில் தூசி பிடித்துக் கிடந்தது. துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். பல்சக்கரத்தில் அணை மணலை ஒரு சிட்டிகை போட்டேன். நரம்பை வழுக விடுகிற திருகை இறுக்கி ஒரு சொட்டுப் பசை விட்டேன். எடுத்த எடுப்பில் சுற்றும், பாரம் ஏறினால் நின்றுவிடும்.

கொம்பைப் பற்றிக் கேட்டீர்கள். பிரவீன் இறந்த பிறகு மாது என்ற பரிசல்காரர் கிணற்று விளிம்பில் ஒரு மூங்கிலை நட்டு உச்சியில் சிவப்புத் துணி கட்டிவைத்தார். வருஷா வருஷம் தண்ணீர் வடியும்போது அவர்தான் புதுத்துணி கட்டுவார். கரையில் வேறு அடையாளம் கிடையாது, தண்ணீர் ஏற ஏறக் கரையும் இடம் மாறும். எல்லோரும் அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். சோதனை என்றால் எல்லாம் அன்றைக்கு இருந்ததுபோலவே இருக்க வேண்டும், ஐயா. அன்றைக்குக் கொம்பு இல்லை. பிடுங்கிப் போட்டால் குப்புராஜ் உஷாராகிவிடுவான். அதனால் ஓர் உச்சி வெயில் நேரத்தில் போய், அதைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி நட்டேன். என் பிள்ளை பேரில் நட்ட கொம்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஞாயிறு பெரிய மீன் எதுவும் கடிக்கவில்லை. புண்ணாக்கு உருண்டையை எல்லாம் ஜிலேபிக் கெண்டை கொத்திக்கொண்டு போனது. குப்புராஜ் மாதா கோவிலுக்கு வந்து பிரவீனுக்காக மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். நான் பொறுமையாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு மாட்டியது. கழி அரைவட்டமாக வளைந்தது. கைப்பிடி இரண்டு சுற்று சுற்றி நின்றது. அவன் திருகைத் திருகிப் பார்த்தான், அசையவில்லை. "ஐயோ, இறுகிப் போச்சுங்கண்ணா!" என்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கொம்பைப் பார்த்தான். கொம்பு அந்தப் பக்கம் தள்ளி இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.

இறங்கினான், ஐயா. நான் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது. நரம்பு அறுந்துவிடக் கூடாது என்று மீன் கூடவே நடந்தான். முழங்கால், தொடை, இடுப்பு. ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "அண்ணா, பெருசுங்க!" என்று கத்தினான்.

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நில் என்று ஒரு சொல். எனக்கு அது தெரியாமல் இல்லை. நெஞ்சு வரைக்கும் அந்தச் சொல் வந்தது. ஆனால் அவன் பிழைத்து வந்தால் அவன் சொன்னதும் கூடவே பிழைத்து வரும். ரீல் இறுகியதும் உண்மை, பிரவீனுக்கு அது தெரிந்திருந்ததும் உண்மை என்றாகிவிடும். அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் எப்படி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பது? நான் வாயைத் திறக்கவில்லை.

கிணற்றுக்குள் கால் போய் அவன் முழுகினான். மேலே வந்தான். கிணற்று விளிம்புக் கல் பாசி பிடித்து வழுக்கியது. நானும் தண்ணீரில் இறங்கிப் போய் நின்றேன். "அண்ணா, கழிய நீட்டுங்க, கழிய நீட்டுங்கண்ணா" என்றான். என் கையில் ரிவெக்ஸ் மாட்டிய பிரவீனுடைய கழி இருந்தது. நீட்டினால் எட்டும் தூரம்தான். நான் நீட்டவில்லை. நரம்பை வீசினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஆள் பாரம் ஏறினால் ரிவெக்ஸ் சுற்றுமா என்று பார்க்க நினைத்தேன். சுற்றியிருந்தால் அவனை இழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாக இழுத்துப் போட்டிருப்பேன். ரீலும் ஜெயித்திருக்கும், அவனும் பிழைத்திருப்பான்.

அவன் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டான். நான் கைப்பிடியைச் சுற்றினேன். கொஞ்சம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அவன் என் கையைப் பார்த்தான்.

"இறுகிப் போச்சுங்களாண்ணா?" என்றான்.

கோபமாகக் கேட்கவில்லை. மார்க்கெட்டில் லாரி கிளம்பாதபோது பேட்டரி போய்விட்டதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். நரம்பு அறுந்தது. அதன் பிறகு அவன் மேலே வரவில்லை.

ஊரெல்லாம் விபத்து என்றுதான் பேசியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜோஸ்பினிடம், "குப்புவோட ஹமோட்டோவும் இறுகிடுச்சு" என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தாள். அப்புறம் குப்புராஜ் பெண்சாதி நிர்மலாதேவியைக் கட்டிக்கொண்டு அழப் போய்விட்டாள். அன்றைக்கு நான் தூங்கினேன், ஐயா. மாது வந்து கொம்பு இடம் மாறியிருப்பதைப் பார்த்து உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. குப்புராஜ் மேலும் இப்போது கோபம் இல்லை. நல்ல மனிதன். எங்கள் பிள்ளைக்காக எங்களைப்போலவே அழுதவன்.

இரண்டு ரீலும் உங்கள் மேசை மேல் இருக்கின்றன. சற்று முன் நீங்கள் ரிவெக்ஸைச் சுற்றிப் பார்த்தீர்கள், அசையவில்லை. நானும் கவனித்தேன். அன்றைக்கு அது நனைந்துவிட்டது, துடைத்து எண்ணெய் விட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஓர் ஆளைத் தூக்குவதற்கா ரீல் செய்கிறார்கள்? எந்தக் கம்பெனி ரீலானாலும் நிற்கத்தான் செய்யும். விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

கொம்பை நகர்த்தியது நான், மணல் போட்டது நான், கழியை நீட்டாமல் நின்றது நான். குப்புராஜைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ரீல் இறுகியது என்று மட்டும் அதில் எழுத வேண்டாம், ஐயா. ஜோஸ்பின் படிப்பாள். நல்ல ரீல் அது. கனம் பார்த்து நானே வாங்கியது.